போலச்செய்தலின் நரம்பியல்

போலச்செய்தல் என்பது ஒருவர் செய்யும் செயலைப் பார்த்து, அதே செயலை மற்றொருவர் தம் உடலால் செய்வதாகும். குழந்தை கையசைக்கக் கற்பதும், மீனவர் மகன் வலை பின்னக் கற்பதும், குத்துச்சண்டை மாணவர் வாத்தியாரின் கால் வைப்பைப் பழகுவதும் இதன் வகைகளே. கண்ணால் பார்த்த அசைவைத் தசைகளுக்கான கட்டளையாக மூளை எவ்வாறு மாற்றுகிறது, பிறர் செய்வதன் நோக்கத்தையும் அவர்களது உணர்வையும் அது எவ்வாறு அறிகிறது ஆகிய இரண்டு கேள்விகளை இத்துறை ஆராய்கிறது. 1990களில் இத்தாலியில் கண்டறியப்பட்ட கண்ணாடி நரம்பணுக்கள் இந்த ஆய்வுகளின் மையத்துக்கு வந்தன. அவற்றை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர், வட சென்னையின் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். இந்த நரம்பணுக்களைப் பற்றி முதலில் சொல்லப்பட்டவற்றுள் சில நிலைத்தன. சில பின்னர் மறுக்கப்பட்டன.

பார்த்துக் கற்கும் தொழில்கள்

சென்னை மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ள காசிமேட்டில் போலச்செய்தலை அன்றாடம் காணலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. படகுகளையும் வலைகளையும் பழுதுபார்க்கும் காலம் இது. அறுந்த வலையின் கண்களை ஊசி கொண்டு மீண்டும் முடியும் வேலையை யாரும் பாடமாக நடத்துவதில்லை. மூத்தவர் முடிகிறார், இளையவர் அருகில் அமர்ந்து பார்க்கிறார், பின்னர் தாமே முடிந்து பார்க்கிறார். நூலை எந்த விரலில் தாங்க வேண்டும், கண்ணின் அளவு மாறாமல் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பன சொற்களில் விளக்கக் கடினமானவை. பார்ப்பவரின் கைக்கு அவை விரைவில் வந்துவிடுகின்றன.

இளையவர் எதிரில் அமராமல் பக்கத்தில் அமர்வதற்கும் காரணம் உண்டு. தம் கையைப் பார்க்கும் அதே கோணத்தில் இன்னொருவர் கையைப் பார்க்கும்போது போலச்செய்வது விரைவாகிறது என 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எதிரில் இருந்து பார்ப்பவர் இடத்தை வலமாக மனத்தில் திருப்பிக்கொள்ள வேண்டியுள்ளது.

வட சென்னையின் குத்துச்சண்டை மரபும் இவ்வாறே வளர்ந்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை முதலிய குழுக்கள் தனித்தனி ஆட்ட முறைகளைக் கொண்டிருந்தன. 2021இல் வெளியான பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் இவற்றைப் பரவலாக அறியச் செய்தது. ‘பரம்பரை’ என்னும் சொல் இங்கு வாத்தியாரிடமிருந்து மாணவருக்கு இறங்கிவரும் முறையைக் குறிக்கிறது. குத்துச்சண்டையில் போலச்செய்வது மட்டும் போதாது. எதிராளியின் தோள் அசையும்போது அது உண்மையான குத்தா, ஏமாற்றுக் குத்தா என்பதை அவர் கை நீளும் முன்பே அறிய வேண்டும். போலச்செய்தலும் பிறர் நோக்கம் அறிதலும் ஒரே இடத்தில் தேவைப்படும் செயல் இது.

கண்ணாடி நரம்பணுக்களின் கண்டுபிடிப்பு

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசொலாட்டி தலைமையிலான குழு, மக்காக் குரங்குகளின் மூளையில் எஃப்5 எனப்படும் பகுதியை ஆராய்ந்துவந்தது. முன் மடலில் அமைந்த இப்பகுதி கை, வாய் ஆகியவற்றின் அசைவுகளைத் திட்டமிடுகிறது. குரங்கு ஒரு பொருளைப் பற்றும்போது எந்த நரம்பணுக்கள் மின்துடிப்பை வெளியிடுகின்றன என்பதை நுண்ணிய மின்முனைகளால் பதிவுசெய்தனர். குரங்கு அசையாமல் இருக்க, ஆய்வாளர் உணவை எடுத்தபோதும் சில நரம்பணுக்கள் துடித்தன. தானே செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் ஒரே நரம்பணு இயங்குவது எதிர்பாராத முடிவாக இருந்தது. இது 1992இல் வெளியிடப்பட்டது. 'கண்ணாடி நரம்பணு' என்னும் பெயர் 1996இல் வழக்குக்கு வந்தது. அவ்வாண்டு வெளியான விரிவான ஆய்வில், இரண்டு குரங்குகளில் பதிவுசெய்யப்பட்ட 532 நரம்பணுக்களுள் 92 இத்தன்மை உடையவையாக இருந்தன.

அடுத்த ஆண்டுகளில் மேலும் மூன்று பண்புகள் வெளிப்பட்டன.

முதலாவது, செயலின் இறுதிப் பகுதி திரையால் மறைக்கப்பட்டபோதும் இந்நரம்பணுக்களுள் பல இயங்கின. ஆனால் திரைக்குப் பின்னால் பொருள் எதுவும் இல்லை என்பதைக் குரங்கு முன்பே பார்த்திருந்தால் அவை இயங்கவில்லை. இது 2001இல் வெளியானது.

இரண்டாவது, காகிதம் கிழிவது, கடலை உடைவது போன்ற ஒலிகளைக் கேட்டாலே சில நரம்பணுக்கள் இயங்கின. இது 2002இல் வெளியானது.

மூன்றாவது, சுவர் மடலில் உள்ள சில நரம்பணுக்கள் ஒரே பற்றும் அசைவை, அது தின்பதற்காகவா கிண்ணத்தில் போடுவதற்காகவா என்பதைப் பொறுத்து வேறுபடுத்தின. 2005இல் வெளியான இம்முடிவு, இவை நோக்கத்தையும் குறியாக்கம் செய்கின்றன என்னும் கருத்துக்கு அடிப்படையானது.

மனிதரில் கிடைத்த சான்றுகள்

நலமாக உள்ள மனிதரின் மூளைக்குள் மின்முனை செலுத்த முடியாது என்பதால், தொடக்கச் சான்றுகள் மறைமுகமானவை. 1995இல் பார்மா குழுவினர் மண்டையோட்டின் மேலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தி இயக்கப் புறணியைத் தூண்டினர். ஒருவர் பொருளைப் பற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கைத்தசைகள் அப்போது வழக்கத்தைவிட வலுவாகத் துடித்தன. பார்ப்பவரின் கை அசையவில்லை. ஆனால் அசைவதற்கான ஆயத்தம் அவரது மூளையில் நடந்திருந்தது. 1999இல் மார்கோ இயாகோபோனியும் குழுவினரும் விரல் அசைவுகளைப் போலச்செய்யும்போது முன் மடலின் கீழ்ப்பகுதியும் சுவர் மடலும் கூடுதலாக இயங்குவதை எஃப்.எம்.ஆர்.ஐ. வருடியால் காட்டினர்.

தனி நரம்பணு அளவிலான நேரடிச் சான்று 2010இல் கிடைத்தது. வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன், மருத்துவத் தேவைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 21 நோயாளிகளிடம் 1,177 நரம்பணுக்கள் பதிவுசெய்யப்பட்டன. செய்யும்போதும் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்கள் அவற்றுள் இருந்தன. வேறு சில, தாம் செய்யும்போது தூண்டப்பட்டும் பிறர் செய்வதைப் பார்க்கும்போது அடங்கியும் காணப்பட்டன. பார்ப்பதையெல்லாம் உடல் செய்துவிடாமல் தடுப்பதற்கும், 'இது என் செயல், அது அவர் செயல்' எனப் பிரித்தறிவதற்கும் இத்தகைய நரம்பணுக்கள் உதவக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர்.

பயிற்சி இவ்வமைப்பை மாற்றுகிறது. 2005இல் இலண்டனில் நடந்த ஆய்வில், பாலே கலைஞர்களுக்கும் பிரேசிலின் கபொய்ரா கலைஞர்களுக்கும் இரு ஆட்டங்களின் அசைவுகளும் காட்டப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தாம் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போதே மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. பாலேயில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அசைவுகள் உண்டு. இருவரும் ஒரே கூடத்தில் பயில்வதால் மற்றவர் அசைவை நாள்தோறும் பார்க்கின்றனர். அப்படியிருந்தும் தாம் ஆடிய அசைவுக்கே இயக்கம் கூடுதலாக இருந்தது என அடுத்த ஆண்டின் ஆய்வு காட்டியது. எனவே பார்த்துப் பழகியதற்கும் செய்து பழகியதற்கும் மூளை வேறுபாடு காட்டுகிறது. 2008இல் கூடைப்பந்து பற்றிய ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. எறியப்பட்ட பந்து கூடையில் விழுமா என்பதை, பந்து கையை விட்டு அகலும் முன்பே வீரரின் உடலசைவைக் கொண்டு கணிப்பதில், பல ஆண்டுகள் ஆட்டங்களைப் பார்த்த பயிற்சியாளர்களையும் விளையாட்டு நிருபர்களையும் ஆடும் வீரர்கள் விஞ்சினர். ஏமாற்றுக் குத்தைப் பழகிய சண்டையாளர் கண்டுகொள்வதும், அரங்கில் அமர்ந்திருப்பவர் தவறவிடுவதும் இவ்வகையில் புரிந்துகொள்ளத்தக்கவை.

வி. எஸ். இராமச்சந்திரன்

விளையனூர் எஸ். இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தார். சென்னையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். இக்கல்லூரியின் மருத்துவமனை காசிமேட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், இராயபுரத்துக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இடையே உள்ளது. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இதன் தொடக்கம் அமைந்ததால், வட சென்னை மக்கள் இதைக் கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்பர். மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் நாடிவரும் இம்மருத்துவமனை, மருத்துவர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைத் துறையால் புகழ்பெற்றது.

பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்ற இராமச்சந்திரன், அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2003இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 2007இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

2000இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் செய்யும் என அவர் முன்னறிவித்தார். கருவி செய்தல், மொழி, நெருப்பின் பயன்பாடு போன்றவை யாரோ ஒருவரிடம் தற்செயலாகத் தோன்றினாலும், போலச்செய்தலால் அவை கூட்டம் முழுவதும் விரைவில் பரவியிருக்கும் என்பது அவரது வாதம். மரபணு மாற்றத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் தேவைப்படும். பார்த்துக் கற்பதற்கு ஒரு தலைமுறை போதும். பிறர் தொடப்படுவதைப் பார்க்கும்போது நம் மூளையிலும் தொடுபகுதி இயங்குவதைச் சுட்டி, இவ்வகை நரம்பணுக்களை அவர் 'காந்தி நரம்பணுக்கள்' என்றும் அழைத்தார்.

பிறர் உணர்வும் பிறர் மனமும்

பிறரைப் புரிந்துகொள்ளுதல் ஒரே செயல் அன்று. நரம்பியலாளர்கள் அதை மூன்றாகவேனும் பிரிக்கின்றனர்.

ஒன்று, செயலை அறிதல்: அவர் என்ன செய்கிறார் என்பது. மேற்கூறிய முன் மடல், சுவர் மடல் பகுதிகள் இதில் பங்கேற்கின்றன.

இரண்டு, உணர்வைப் பகிர்தல்: 2004இல் தானியா சிங்கரும் குழுவினரும் 16 இணையரை ஆராய்ந்தனர். தம் கையில் மின்னதிர்ச்சி பட்டபோதும், துணைவர் கையில் அது பட்டது என்னும் குறியீட்டைக் கண்டபோதும் பெண்களின் மூளையில் முன் இன்சுலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகள் இயங்கின. ஆனால் வலி உடலில் எங்கு உள்ளது என்பதை அறியும் பகுதி, தமக்கு வலித்தபோது மட்டுமே இயங்கியது. பிறர் வலியின் வேதனையில் பங்கு உண்டு, அதன் குத்தலில் இல்லை என இதைச் சுருக்கலாம்.

மூன்று, எண்ணத்தை அறிதல்: அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார், அது தவறான நினைப்பா என்பது. 1983இல் ஹைன்ஸ் விம்மர், பெர்னர் ஆகியோர் உருவாக்கிய சோதனையின் சாரத்தை இவ்வாறு கூறலாம்: ஒரு சிறுவன் மிட்டாயை நீலப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே செல்கிறான், அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சைப் பெட்டிக்கு மாற்றுகிறார், திரும்பிவந்து அவன் எங்கே தேடுவான்? பெரும்பாலான மூன்று வயதுக் குழந்தைகள் மிட்டாய் உண்மையில் உள்ள பெட்டியைக் காட்டுகின்றனர். நான்கு, ஐந்து வயதில் சரியான விடை வருகிறது. இத்தகைய சிந்தனையின்போது பொட்டுப் பகுதியும் சுவர் மடலும் சேரும் இடம் சிறப்பாக இயங்குவதை ரெபெக்கா சாக்ஸ், நான்சி கான்விஷர் ஆகியோர் 2003இல் காட்டினர். இப்பகுதி கண்ணாடி நரம்பணுக்கள் காணப்படும் இடங்களிலிருந்து வேறானது.

குழந்தைகளும் போலச்செய்தலும்

பிறந்து சில நாள்களே ஆன குழந்தை, பெரியவர் நாக்கை நீட்டினால் தானும் நீட்டுகிறது என மெல்ட்சாஃப், மூர் ஆகியோர் 1977இல் அறிவித்தனர். போலச்செய்தல் பிறவித் திறன் என்பதற்கு இது நெடுங்காலம் சான்றாகக் காட்டப்பட்டது. 106 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தவில்லை. பச்சிளங்குழந்தைகள் நாக்கை நீட்டினர். ஆனால் பெரியவர் வேறு எதைச் செய்தபோதும் அதே அளவு நீட்டினர்.

சற்று வளர்ந்த குழந்தையின் போலச்செய்தல் கண்மூடித்தனமானதன்று. பெரியவர் ஒருவர் நெற்றியால் விளக்கை அழுத்தி ஏற்றுவதை 14 மாதக் குழந்தைகளுக்குக் காட்டினர். அவர் கைகள் வெறுமையாக இருந்தும் நெற்றியைப் பயன்படுத்தியபோது 69 விழுக்காட்டுக் குழந்தைகள் தாமும் நெற்றியால் அழுத்தின. அவர் குளிருக்காகப் போர்வையைக் கைகளால் பிடித்திருந்தபோது 21 விழுக்காடு மட்டுமே அவ்வாறு செய்தன. மற்றவை கையையே பயன்படுத்தின. 2002இல் வெளியான இவ்வாய்வின்படி, குழந்தை அசைவோடு அதற்கான காரணத்தையும் கணக்கில் கொள்கிறது.

மறுபுறம், 2005இல் சிம்பன்சிகளையும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். பெட்டியிலிருந்து பரிசை எடுக்கத் தேவையற்ற படி ஒன்று இருப்பது வெளிப்படையாகத் தெரிந்தபோது சிம்பன்சிகள் அதை விட்டுவிட்டன. குழந்தைகள் அதையும் சேர்த்தே செய்தனர். காரணம் விளங்காத படியையும் விடாமல் காப்பதால்தான் தொழில்களும் சடங்குகளும் தலைமுறை கடந்து சிதையாமல் வருகின்றன எனச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எதிர்வாதங்கள்

கண்ணாடி நரம்பணுக்களே பிறரைப் புரிந்துகொள்வதன் அடிப்படை என்னும் கருத்தை கிரெகரி ஹிக்கோக் 2009இலும், பின்னர் 2014இல் வெளியான தம் நூலிலும் மறுத்தார். பேச்சை உருவாக்கும் மூளைப்பகுதி பழுதுபட்டவர்கள் பலர் பிறர் பேச்சைப் பெருமளவு புரிந்துகொள்கின்றனர் என அவர் சுட்டினார். இந்நரம்பணுக்கள் முதலில் கண்டறியப்பட்ட மக்காக் குரங்குகளோ போலச்செய்வதில் திறமை அற்றவை. பிறவியிலேயே கைகள் இல்லாதவர்கள் கைச்செயல்களை மற்றவர்கள் அளவுக்கே விரைவாக அறிகின்றனர் என 2016இல் வெளியான ஆய்வும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்த்தது.

சிசிலியா ஹேய்ஸ் வேறொரு கேள்வியை எழுப்பினார். இவ்வமைப்பு பிறவியிலேயே வருவதா, கற்றலால் உருவாவதா? குழந்தை தன் கையை அசைத்து அதையே பார்க்கிறது. பெரியவர்கள் குழந்தையைப் போலச்செய்து காட்டுகின்றனர். இவ்வாறு பார்ப்பதும் செய்வதும் ஒருங்கே நிகழும்போது இரண்டும் இணைகின்றன என்பது அவரது விளக்கம். 2007இல் அவரது குழுவினர், சுட்டுவிரல் அசைவதைப் பார்த்துச் சுண்டுவிரலை அசைக்கும் பயிற்சியைச் சிலருக்கு அளித்தனர். பயிற்சிக்குப் பின் அவர்களது தசைகளின் எதிர்வினை தலைகீழானது. மாற்றிக் கற்பித்தால் கண்ணாடியும் மாறுகிறது என்பதால், அது பயிற்சியின் விளைவு என்னும் கருத்து வலுப்பெற்றது.

'உடைந்த கண்ணாடி'க் கருதுகோள்

கண்ணாடி நரம்பணுக்கள் சரியாக இயங்காததே ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்துக்குக் காரணம் என்னும் கருதுகோளை இராமச்சந்திரனும் லிண்ட்சே ஓபர்மனும் 2006இல் பொதுவாசகர்களுக்கு எடுத்துரைத்தனர். தலைமேல் பதிக்கும் மின்னலைப் பதிவில் கண்ட வேறுபாடு இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. பின்வந்த ஆய்வுகளில் முடிவுகள் ஒத்துவரவில்லை. 2010இல் வெளியான எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களின் இப்பகுதிகள் கை அசைவுகளுக்கு மற்றவர்களைப் போலவே இயங்கின. ஆட்டிசம் உள்ள பலர் பிறர் செயலின் நோக்கத்தை அறியவும், கேட்டுக்கொண்டால் போலச்செய்யவும் இயலுபவர்களே. இக்கருதுகோள் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களால் ஏற்கப்படுவதில்லை.

இந்தத் திருத்தம் குடும்பங்களைப் பொறுத்தவரை முதன்மையானது. 'இக்குழந்தைக்குப் பிறர் உணர்வு புரியாது' என்னும் எளிய முடிவுக்கு நரம்பியல் ஆதாரம் இல்லை. கண்ணாடி நரம்பணுக்களைச் சீராக்கி ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களுக்கும் ஆதாரம் இல்லை.

மருத்துவப் பயன்

துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும், அது இறுக மடங்கி வலிப்பதாகவும் உணர்வது மாய உறுப்பு வலி எனப்படும். 1990களில் இராமச்சந்திரன் இதற்கு எளிய கருவி ஒன்றை அமைத்தார். பெட்டியின் நடுவே நிறுத்தப்பட்ட கண்ணாடியில் நலமான கையின் பிம்பம் இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். நலமான கையை விரித்தால் இழந்த கை விரிவதாக மூளை காண்கிறது. சிலருக்கு இறுக்கம் தளர்ந்தது. கால் இழந்தவர்களிடம் நடந்து 2007இல் வெளியான சிறு ஆய்வில், நான்கு வாரக் கண்ணாடிப் பயிற்சிக்குப் பின் அப்பிரிவில் இருந்த அனைவருக்கும் வலி குறைந்தது.

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கு இம்முறையை 1999இல் ஒன்பது நோயாளிகளிடம் முதலில் சோதித்தனர். பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்துச் செய்யும்போது கண்ணாடிப் பயிற்சி கை, கால் இயக்கத்தையும் அன்றாடச் செயல்களையும் ஓரளவு மேம்படுத்துகிறது என முடிவுசெய்தது. இதற்கு ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியும் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலும் போதும். வலை இழுப்பதையும் சுமை தூக்குவதையும் நம்பி வாழ்பவருக்குக் கை ஓரளவு திரும்புவதே பிழைப்பு திரும்புவதாகும் என்பதால், செலவு குறைந்த இம்முறை கவனத்துக்குரியது.

கண்ணாடிப் பெட்டி, கண்ணாடி நரம்பணு ஆகிய பெயர்களின் ஒற்றுமை குழப்பத்துக்கு இடமளிக்கிறது. முன்னதில் நோயாளி தம் கையின் பிம்பத்தையே பார்க்கிறார். அதன் பயன் கண்ணாடி நரம்பணுக்களால்தான் விளைகிறது என்பது நிறுவப்படவில்லை.

தற்போதைய நிலை

முப்பது ஆண்டு ஆய்வுகளை ஹேய்ஸ், கரோலின் காட்மர் ஆகியோர் 2022இல் மதிப்பிட்டனர். இவ்வமைப்பு உடலசைவுகளைப் பிரித்தறிவதிலும் போலச்செய்தலிலும் பங்கேற்பதற்குச் சான்று உள்ளது. பிறரது உள்நோக்கத்தை ஊகிப்பதற்கு அது மட்டும் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. எனவே கண்ணாடி நரம்பணுக்கள் பிறர் மனத்தைக் காட்டும் தனிச் சாளரம் அல்ல. பார்த்தலையும் செய்தலையும் இணைக்கும், பழக்கத்தால் கூர்மையாகும் ஓர் அமைப்பு. வலை முடிபவரின் அருகில் அமர்ந்திருக்கும் இளையவரின் மூளையில் அந்த இணைப்பு ஒவ்வொரு முடிச்சிலும் உருவாகிறது. முடிபவர் எதற்காக அக்கண்ணை மட்டும் சிறிதாக விட்டார் என்பதை அறிய அவர் மூளையின் வேறு பகுதிகளும் வேலை செய்தாக வேண்டும். அல்லது, அவர் வாய் திறந்து கேட்டுவிடலாம்.